தலைமை ஆசிரியரின் ஆதரவும் ஆசிரியரின் ஊக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர் ஒருவர் உற்சாகமாகப் பாடம் நடத்துவதற்கும், கடமைக்கு வந்துபோவதற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றில் தலைமை ஆசிரியரின் கையில் இருப்பவை எவை, அவை வகுப்பறை வரை எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதைப் பற்றிய பக்கம் இது. தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆதரவான தலைமை என்றால் என்ன? ஆசிரியர்களிடம் அன்பாக நடந்துகொண்டால் போதுமா?

அன்பு வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. காலையில் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்கிறார், பிறந்தநாளை மறக்காமல் வாழ்த்துகிறார். அதே தலைமை ஆசிரியர் பாட வேளையின் நடுவில் "ஒரு படிவம் அவசரமா அனுப்பணும், வாங்க" என்று ஆசிரியரை வகுப்பிலிருந்து கூப்பிடுகிறார் என்றால், அந்த அன்பால் வகுப்புக்கு ஒரு பயனும் இல்லை.

ஆதரவு மூன்று இடங்களில் தெரிய வேண்டும். முதலாவது, ஆசிரியரின் நேரத்தைக் காப்பது. இரண்டாவது, பெற்றோரோ மேலதிகாரியோ நிர்வாகமோ அழுத்தம் தரும்போது அவருக்காக முன்னே நின்று பேசுவது. மூன்றாவது, கற்பித்தலைப் பற்றி அவரோடு உட்கார்ந்து விஷயத்தோடு பேசுவது. இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். பாடம் நடத்துவதைப் பற்றித் தலைமை ஆசிரியருக்கே தெளிவு இருக்க வேண்டும். ஆனால் வகுப்பறையில் மாற்றம் வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தலைமை ஆசிரியர் வகுப்பெடுப்பது குறைவு. அவரால் மாணவர்களின் கற்றலில் என்ன வித்தியாசம் வந்துவிடும்?

ஆசிரியர்கள் வழியாக வருகிறது. கென்னத் லீத்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பள்ளி சார்ந்த காரணிகளில் மாணவர் கற்றலை அதிகம் பாதிப்பது வகுப்பறைக் கற்பித்தல், அதற்கு அடுத்தது தலைமை. 2021-இல் ஜேசன் கிரிஸம், அன்னா எகலைட், கான்ஸ்டன்ஸ் லிண்ட்ஸே ஆகியோர் அமெரிக்கப் பள்ளிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். திறனில் கீழ்க் கால்பகுதியின் விளிம்பில் இருக்கும் தலைமை ஆசிரியருக்குப் பதில் மேல் கால்பகுதியின் விளிம்பில் இருப்பவர் வந்தால், மாணவர்களுக்குக் கணிதத்திலும் வாசிப்பிலும் ஓராண்டில் ஏறத்தாழ 3 மாதக் கற்றல் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

ஒரு நல்ல ஆசிரியரால் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் பயன்பெறுகிறார்கள். நல்ல தலைமை ஆசிரியரால் பள்ளியில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் பயன்பெறுகிறார்கள். அந்த 3 மாதத்தை இப்படிப் பெருக்கிப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும்.

விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்னொன்றையும் காட்டியது. தலைமையின் பல செயல்களை ஒப்பிட்டபோது, மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு இருந்தது ஆசிரியர்களின் கற்றலை வளர்ப்பதற்கும் அதில் தலைமை ஆசிரியரே பங்கெடுப்பதற்கும்தான். பயிற்சி வகுப்பைத் தொடங்கி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடும் தலைமை ஆசிரியரும், கடைசி வரை உட்கார்ந்து குறிப்பெடுக்கும் தலைமை ஆசிரியரும் ஒன்றல்லர் என்பது ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஊக்கம் என்பது அவரவர் மனதைப் பொறுத்தது இல்லையா?

ஓரளவுக்கு. ஆனால் வேலைக்குச் சேரும்போது ஆர்வத்தோடு வந்தவர் சில வருடங்களில் மங்கிப்போவதை அவருடைய மனதை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் மனிதர்களின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: தன் வேலையில் தானே முடிவெடுக்கும் சுதந்திரம், 'என்னால் இது முடியும்' என்ற திறனுணர்வு, சுற்றியிருப்பவர்களோடு பிணைப்பு.

பள்ளிக்குள் பார்த்தால் மூன்றுமே அன்றாட விஷயங்கள். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, சோதனையை எப்படி வைப்பது என்பதை ஆசிரியரிடம் விடுவது சுதந்திரம். கடினமான ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குப் புரிய வைத்துவிட்ட பிறகு வரும் நிம்மதி திறனுணர்வு. "என் வகுப்புக்கு மட்டும் இது புரியவே மாட்டேங்குது" என்று ஆசிரியர் அறையில் கூச்சமில்லாமல் சொல்ல முடிவது பிணைப்பு. தலைமை ஆசிரியரின் முடிவு ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் கூட்டுகிறது, அல்லது குறைக்கிறது.

ஊக்கம் கூடினால் வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியும்படி என்ன மாறும்?

பயத்தில் இருக்கும் ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம். வராந்தாவில் தலைமை ஆசிரியர் நடந்து வரும்போது வகுப்பு அமைதியாக இருந்தால் நல்ல ஆசிரியர், சத்தம் கேட்டால் கட்டுப்பாடு இல்லாதவர் என்று ஒரு பள்ளியில் கணக்கிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆசிரியர் குழுவாகப் பேச வைக்க மாட்டார். செய்துபார்க்கும் வேலை எதுவும் தர மாட்டார். குறிப்பு எழுதிப்போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், வகுப்பு அமைதியாக இருக்கும். நோட்டு நிறையும். அவர் சோம்பேறி அல்லர். ஆபத்தில்லாத வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பயம் விலகும்போது முதலில் மாறுவது கேள்விகள். ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகள் குறைந்து "ஏன் அப்படி?" வரத் தொடங்கும். நோட்டுத் திருத்தும்போது வெறும் 'சரி' குறிக்குப் பதில் ஒரு வரி எழுதுவார். பதில் தெரியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் "நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லத் துணிவார். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 'தன் திறன் மீதான நம்பிக்கை' என்று 1977-இல் விளக்கியது ஆசிரியர்களுக்கும் அப்படியே பொருந்தும். அந்த நம்பிக்கை உள்ளவர் பின்தங்கிய பிள்ளையோடு இன்னும் கொஞ்ச நேரம் போராடுவார். இல்லாதவர் 'இவனுக்கு ஏறாது' என்று சீக்கிரம் விட்டுவிடுவார்.

இந்த வித்தியாசம் வருடங்கள் ஓட ஓடப் பெரிதாகிறது. மேத்யூ கிராஃப்ட், ஜான் பப்பே இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பெரிய கல்வி மாவட்டத்தைப் பற்றியது. ஆதரவான பணிச்சூழல் உள்ள பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்கள், அது குறைவாக இருந்த பள்ளிகளின் ஆசிரியர்களைவிட 10 ஆண்டுகளில் 38 சதவீதம் அதிகமாக முன்னேறியிருந்தார்கள். அனுபவம் தானாக ஒருவரை மெருகேற்றிவிடும் என்று நாம் நினைப்பதுண்டு. அந்த அனுபவம் எந்தச் சூழலில் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பைப் போய்ப் பார்வையிடுவது ஆதரவா, கண்காணிப்பா?

பார்த்துவிட்டு வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரிஸம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் தலைமை ஆசிரியர்களின் பின்னாலேயே போய் அவர்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று பதிவுசெய்தார்கள். ஆசிரியர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி தருவதில் நேரம் செலவான பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் கூடியிருந்தது. வகுப்புகளுக்குள் சும்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போவதில் நேரம் செலவான பள்ளிகளில் அது கூடவில்லை, குறைந்தே இருந்தது. எட்டிப்பார்ப்பதைத் தங்கள் வளர்ச்சிக்கான வழியாக ஆசிரியர்கள் பார்க்காத இடங்களில் நிலைமை இன்னும் மோசம்.

உபயோகமான பார்வையிடல் எப்படி இருக்கும்? ஆறாம் வகுப்பில் பின்னம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை பலகையில் 1/3, 1/4 என்று எழுதி எது பெரியது என்று கேட்கிறார். பாதி வகுப்பு 1/4 என்கிறது. "இல்லை, 1/3-தான்" என்று அவரே சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தலைமை ஆசிரியர், கேட்ட கேள்விகளையும் பிள்ளைகள் சொன்ன பதில்களையும் அப்படியே எழுதிக்கொள்கிறார். மாலையில் இருவரும் பேசுகிறார்கள்.

"டீச்சர், பாதி பேர் நாலில் ஒன்றுன்னு சொன்னாங்களே, ஏன்னு நினைக்கிறீங்க?"

"நாலு பெரிய நம்பராச்சே சார், அதான்."

"அதைப் பிள்ளைங்க வாயாலேயே சொல்ல வைக்க முடியுமா?"

"கேட்டிருக்கலாம் சார். பாடம் முடிக்கணுமேன்னு வேகமா போயிட்டேன்."

"பாடம் ஒரு நாள் தள்ளிப்போனா நான் கேட்க மாட்டேன். நாளைக்கு அதே கேள்வியைக் கேட்டு, ஆளுக்கொரு தாளை மடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. வியாழக்கிழமை நான் மறுபடி வந்து உட்கார்றேன்."

சில நிமிடப் பேச்சுதான். பேச்சு முழுக்கப் பிள்ளைகள் எப்படி யோசித்தார்கள் என்பதைச் சுற்றியே இருந்ததால் ஆசிரியைக்குத் தற்காப்பாகப் பேச வேண்டிய தேவை வரவில்லை. "ஒரு நாள் தள்ளிப்போனா நான் கேட்க மாட்டேன்" என்ற வாக்கியம் அவர் தலையிலிருந்த சுமையை இறக்கிவைத்தது. மறுபடி வருவதற்கு ஒரு நாளும் குறித்தாகிவிட்டது.

இப்படிப் பேசுவதற்குத் தலைமை ஆசிரியரிடம் சரக்கு இருக்க வேண்டும். உதாரணமாக, கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரத்தை மேரி பட் ரோ 1970-களிலேயே ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அதை 3 விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இதுபோன்ற நான்கைந்து விஷயங்களை ஆழமாகத் தெரிந்து வைத்திருக்கும் தலைமை ஆசிரியரால் எந்தப் பாட ஆசிரியருக்கும் உதவ முடியும். அப்புறம் ஒன்று: பார்வையிட்டதைப் பணி மதிப்பீட்டுக் கோப்போடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த முறை உங்களுக்காகவே ஒத்திகை பார்த்த பாடம்தான் காணக் கிடைக்கும்.

பாராட்டினால் ஊக்கம் வருமா?

வரும், எதைப் பாராட்டுகிறோம் என்று தெளிவாகச் சொன்னால். "எல்லாரும் நல்லா பண்றீங்க" என்று கூட்டத்தில் சொல்வதை யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. "எட்டாம் வகுப்பில் மூணு பேர் கட்டுரையை ரெண்டாவது தடவை எழுத வெச்சீங்களே, அதில் வாக்கியம் நல்லா தேறியிருக்கு" என்றால், இவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

சம்பளமும் ஊக்கத்தொகையும் கொடுத்தால் போதாதா?

நியாயமான சம்பளம் அடிப்படை. அது இல்லாத இடத்தில் ஆதரவைப் பற்றிப் பேசுவது ஆசிரியர்களை அவமதிப்பது போலாகும். உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் பிரித்துக் காட்டியது இங்கே உதவும்: சம்பளம், விதிமுறை, பணிச்சூழல் போன்றவை குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் வேலையில் ஈடுபாட்டைத் தருவது அந்த வேலை, அதில் கிடைக்கும் வெற்றி, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவைதான்.

மாணவர் மதிப்பெண்ணோடு கட்டப்பட்ட ஊக்கத்தொகையைப் பற்றிய முடிவுகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை கணித ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை தர முன்வந்து சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மதிப்பெண்களில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆகவே பணத்தால் எதுவும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலான தலைமை ஆசிரியர்களின் கையில் சம்பளப் பட்டியல் இல்லை. கால அட்டவணை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, வார்த்தை இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பேசுவதே நமக்குப் பயன் தரும்.

பெற்றோர் ஆசிரியர் மீது புகார் கொண்டு வந்தால் யார் பக்கம் நிற்பது?

முதலில், ஆசிரியரை உடனே அறைக்குக் கூப்பிட்டு, பெற்றோர் முன்னிலையில் "என்ன டீச்சர் இது?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி பள்ளி முழுக்கப் பரவிவிடும். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆசிரியரும் பெற்றோருக்குப் பயந்து மதிப்பெண் போடுவார்.

பெற்றோரை உட்காரவைத்து முழுதாகக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். "டீச்சர் கிட்ட விவரம் கேட்டுட்டு நாளைக்கு நானே உங்களைக் கூப்பிடறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிடுங்கள். ஆசிரியரிடம் தனியாக, குற்றச்சாட்டாக இல்லாமல் நடந்ததைக் கேளுங்கள். தவறு அவர் மீது இருந்தால் அதைத் தனியாகச் சொல்லித் திருத்துங்கள். பெற்றோரைச் சந்திக்கும்போது அவருக்குப் பக்கத்தில் இருங்கள். பிள்ளையை அடித்தது, இழிவாகப் பேசியது, பாதுகாப்புக்குக் கேடு செய்தது போன்ற புகார் என்றால் இந்த நிதானம் பொருந்தாது. அங்கே பிள்ளையின் பாதுகாப்பு முதலில். உரிய விதிப்படி அன்றே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஆதரவு என்றால் வேலை செய்யாதவரையும் கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

கூடாது. அப்படி விட்டால் முதலில் சோர்ந்துபோவது நன்றாக வேலை செய்பவர்கள். ஒருவர் தொடர்ந்து வகுப்புக்குத் தாமதமாகப் போகிறார், அவருடைய வகுப்புச் சத்தத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் சமாளிக்கிறார், தலைமை ஆசிரியருக்கும் தெரியும், ஒன்றும் நடக்கவில்லை என்றால், பக்கத்து வகுப்புக்காரரின் மனதில் என்ன ஓடும்?

ஆன்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் சிகாகோவின் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2002-இல் எழுதியபோது, பள்ளிக்குள் நம்பிக்கை நான்கின் மேல் நிற்பதாகச் சொன்னார்கள்: மரியாதை, ஒருவர் மேல் ஒருவர் காட்டும் அக்கறை, வேலையில் திறமை, சொன்னதைச் செய்யும் நேர்மை. திறமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கெடுதல் நடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருக்கும் தலைமையை ஆசிரியர்கள் நம்ப மாட்டார்கள். என்ன மாற வேண்டும், எந்தத் தேதிக்குள், அதற்குப் பள்ளி என்ன உதவி தரும் என்று எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். உதவியைக் கொடுங்கள். அப்புறமும் மாறவில்லை என்றால் விதிப்படி அடுத்த கட்டத்துக்குப் போவதில் தயங்க வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நியூயார்க் நகரின் ஆசிரியர்களை ஆராய்ந்து டொனால்ட் பாய்டும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்டதில், பள்ளியில் தங்குவதா கிளம்புவதா என்ற முடிவில் மற்றப் பணிச்சூழல் காரணிகளைவிட அதிகம் எடை பெற்றது தலைமை நிர்வாகத்தைப் பற்றிய அவர்களுடைய எண்ணம்.

ஆனால் பல பள்ளிகளில் நடப்பது என்ன? யாரும் எடுக்க விரும்பாத வகுப்பு, கடைசி பாட வேளை, வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் மாற்று வேளைகளில் அதிகமானவை எல்லாம் புதியவரின் தலையில். மூத்தவர்கள் பொறுக்கியெடுத்த பின் மிச்சம் இருப்பது அவருக்கு. இதை மாற்ற உத்தரவு எதுவும் தேவையில்லை, கால அட்டவணை போடும் நாளில் கொஞ்சம் துணிச்சல் போதும். முதல் வருடத்தில் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளுக்குக் கொடுங்கள். தயாரிப்பு பாதியாகும், முதல் பிரிவில் சறுக்கியதை இரண்டாம் பிரிவில் சரிசெய்துகொள்வார். அதே பாடம் எடுக்கும் ஒரு மூத்த ஆசிரியரோடு வாரத்தில் ஒரு ஓய்வு வேளையாவது ஒன்றாக வரும்படி அமையுங்கள்.

எனக்கே நேரமில்லை. பதிவேடு, கட்டடம், கூட்டம், சுற்றறிக்கை என்று நாள் ஓடிவிடுகிறது. இதையெல்லாம் எப்போது செய்வது?

உண்மையான பிரச்சினை. இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆதரவு தேவைப்படுபவர்களில் தலைமை ஆசிரியரும் ஒருவர். செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். வாரத்தில் இரண்டு பாட வேளைகளை வகுப்பில் உட்காருவதற்காகக் கால அட்டவணையிலேயே போட்டு, அந்த நேரத்தில் உங்களைத் தேடி வருபவர்களை யார் சமாளிப்பது என்று முன்பே முடிவுசெய்துவிடுங்கள். அதற்கான நேரத்தை ஆசிரியர் கூட்டத்திலிருந்து எடுக்கலாம். அறிவிப்புகளை எழுத்தில் அனுப்பிவிட்டால் கூட்டம் பாதியாகக் குறையும். மிச்ச பாதியில் ஒரே ஒரு கற்பித்தல் சிக்கலை எடுத்துப் பேசுங்கள்.

ஆசிரியர்கள் ஆதரவை உணர்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். பெயர் எழுதாத தாளில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: போன மாதம் உங்கள் பாட வேளையைக் கெடுத்தது எது? கற்பித்தலைப் பற்றி என்னோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? நான் எதை நிறுத்தினால் உங்கள் வேலை எளிதாகும்? வந்த பதில்களைக் கூட்டத்தில் படித்துக்காட்டி, ஒன்றையாவது அந்த மாதமே சரிசெய்யுங்கள். செய்யப் போவதில்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

கேட்காமலே தெரியும் அறிகுறிகளும் உண்டு. கெட்ட செய்தி உங்களிடம் யார் மூலமாக வருகிறது என்று பாருங்கள். சம்பந்தப்பட்ட ஆசிரியரே வந்து "சார், இன்னிக்கு வகுப்புல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொன்னால் பள்ளி நல்ல நிலையில் இருக்கிறது. எல்லாம் மூன்றாம் ஆள் வழியாக வருகிறது என்றால் ஆசிரியர்கள் உங்களுக்குப் பயப்படுகிறார்கள்.

நான் ஆசிரியர். என் தலைமை ஆசிரியரிடம் இந்த ஆதரவு எதுவும் இல்லை. என்ன செய்வது?

முதலில், உங்கள் சோர்வை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வை அளக்க 1981-இல் உருவாக்கிய அளவுகோலில் மூன்று கூறுகள் இருக்கின்றன: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவர்களை ஒட்டுதலில்லாமல் நடத்துவது, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். பிள்ளைகளின் பெயர்கூட மனதில் நிற்காத அளவுக்கு ஒட்டுதல் போய்விட்டதென்றால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது, பொதுவாகக் குறை சொல்வதைவிடக் குறிப்பாக ஒன்றைக் கேட்பது பலன் தரும். "எங்களுக்கு ஆதரவே இல்லை" என்றால் தலைமை ஆசிரியரால் செய்ய ஒன்றுமில்லை. "செவ்வாய்க்கிழமை மூணாவது வேளையில் மாற்று வகுப்பு போடாமல் இருந்தா, நானும் அடுத்த பிரிவு டீச்சரும் சேர்ந்து வினாத்தாள் தயாரிச்சுடுவோம் சார்" என்றால் அவர் சரி என்றோ முடியாது என்றோ சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் சரி என்பார்.

அதுவும் நடக்கவில்லை என்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு தொடங்குங்கள். ஒருவர் வகுப்பில் மற்றவர் மாதம் ஒரு முறை உட்காருவதற்குப் பல பள்ளிகளில் யார் அனுமதியும் வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் வேண்டுமென்றால் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பார்த்ததை இருவருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் போடாதீர்கள், ஒரு தடவைக்கு ஒரே விஷயத்தை மட்டும் கவனியுங்கள். முதல் முறைக்கு, கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருக்கிறோம் என்பதை எடுத்துக்கொள்ளலாம். கடிகாரம் ஒன்று இருந்தால் போதும்.